மாடிஃபை செய்த கார் வாங்கப் போகிறீர்களா? இன்ஜின் வேலையைச் சரிபார்ப்பது பற்றிய கேள்வி பதில்

வேகத்துக்காக இன்ஜினில் கை வைத்த பழைய கார் ஒன்றைப் பார்க்கப் போகிறீர்கள். "ஃபோர்ஜ்டு பிஸ்டன், பெரிய டர்போ, 500 எச்.பி." என்கிறார் விற்பவர். பானட்டைத் திறந்தால் பளபளவென்று குழாய்கள், கலர் கலராக ஹோஸ்கள். ஆனால் அவர் கூடுதல் பணம் கேட்பது பெரும்பாலும் ஃபோர்ஜ்டு (அழுத்தி அடித்து உருவாக்கிய, வலுவான) பிஸ்டன் போன்ற கண்ணுக்குத் தெரியாத பாகங்களுக்கு. அந்தப் பேச்சில் எது உண்மை என்று கண்டுபிடிப்பதைப் பற்றிப் பலர் கேட்ட கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். பெட்ரோல் இன்ஜின்களை, அதிலும் டர்போ இன்ஜின்களை மனதில் வைத்து எழுதியது இது.

விற்பவர் பொய் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டே போக வேண்டுமா?

வேண்டாம். நான் பார்த்தவரை, தெரிந்தே பொய் சொல்பவர்களைவிடத் தாங்கள் கேள்விப்பட்டதை அப்படியே திருப்பிச் சொல்பவர்கள்தான் அதிகம். கார் மூன்று கை மாறியிருக்கும். முதல் ஆள் "பிஸ்டன் மாற்றலாம் என்று இருக்கிறேன்" என்று சொல்லியிருப்பார். இரண்டாவது ஆள் "பிஸ்டன் வாங்கி வைத்திருந்தாராம்" என்பார். மூன்றாவது ஆளிடம் வரும்போது அது "ஃபோர்ஜ்டு பிஸ்டன் போட்டாச்சு" ஆகிவிடும். இப்படி நல்ல மனதோடு தவறான தகவலைச் சொன்னவரிடம் நானே ஒரு காரை வாங்கும் நிலைக்கு வந்திருக்கிறேன். பிளக் துளை வழியாக கேமராவை விட்டுப் பார்த்தபோது உள்ளே கார் கம்பெனி போட்ட பழைய பிஸ்டன்தான் இருந்தது. என்னைவிட அவருக்குத்தான் அதிர்ச்சி; அந்தப் பிஸ்டனுக்கும் சேர்த்துப் பணம் கொடுத்துத்தான் அவர் அந்தக் காரை வாங்கியிருந்தார்.

அதனால் மனிதரைச் சந்தேகப்பட வேண்டியதில்லை, தகவலைச் சந்தேகப்பட்டால் போதும். ஒரு வேலை உண்மையாக நடந்திருந்தால் அதன் தடயம் ஒரே இடத்தில் இருக்காது. காற்று கூடினால் எரிபொருளும் கூட வேண்டும், இரண்டும் கூடினால் கிளட்ச் அதைத் தாங்க வேண்டும், இன்ஜினை நடத்தும் கணினியான இ.சி.யு.வில் அதற்கேற்ற மேப் (அமைப்பு எண்கள்) இருக்க வேண்டும். இவை எல்லாம் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்றுதான் கீழே உள்ள ஒவ்வொரு சோதனையும் கேட்கிறது.

"ஸ்டேஜ் 2", "ஸ்டேஜ் 3" என்றால் சரியாக என்ன?

சரியான அர்த்தம் எதுவும் கிடையாது. எந்தத் தர அமைப்பும் அதை வரையறுக்கவில்லை. பொதுவாக ஸ்டேஜ் 1 என்றால் ரீமேப், அதாவது அந்த மேப்பை மாற்றுவது மட்டும். ஸ்டேஜ் 2 என்றால் டவுன்பைப் (டர்போவிலிருந்து வரும் புகைக்குழாய்), இன்டர்கூலர் (டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விப்பது), இன்டேக் (காற்று உள்ளே போகும் குழாய்) போன்றவையும் சேரும். ஸ்டேஜ் 3 என்றால் டர்போவே மாறியிருக்கும். ஆனால் ஒரு ட்யூனரின் (மேப் எழுதுபவரின்) ஸ்டேஜ் 2 இன்னொருவருக்கு ஸ்டேஜ் 1. ஆகவே ஸ்டேஜ் நம்பரைக் காதில் போட்டுக்கொள்ளாமல், பாகத்தின் பெயரும் பார்ட் நம்பரும் கேளுங்கள்.

நேரில் போகும் முன் போனில் என்ன கேட்கலாம்?

ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளைத் தவிருங்கள். "ஃபோர்ஜ்டு பிஸ்டன்தானே?" என்று கேட்டால் "ஆமாம்" என்றுதான் பதில் வரும். "எந்த கம்பெனி பிஸ்டன், என்ன கம்ப்ரஷன் ரேஷியோ, யார் போட்டார்கள், அப்போது ஓடோமீட்டர் எவ்வளவு, அதன் பிறகு எத்தனை முறை ஆயில் மாற்றினீர்கள்?" என்று கேளுங்கள். வேலையைத் தானே செய்தவரோ கூட நின்று பார்த்தவரோ மடமடவென்று சொல்வார், நீங்கள் கேட்காததையும் சேர்த்துச் சொல்வார். கேள்விப்பட்டதை மட்டும் வைத்திருப்பவர் இரண்டாவது கேள்வியிலேயே தடுமாறுவார்.

இன்னொன்றையும் போனிலேயே சொல்லிவிடுங்கள்: "நான் வரும்வரை இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம், குளிர்ந்த நிலையில் பார்க்க வேண்டும்." ஏன் என்று பின்னால் வருகிறது.

பில் எல்லாம் இருக்கிறது என்கிறார். அது போதாதா?

பில், பாகம் வாங்கப்பட்டது என்பதைத்தான் காட்டும். அது இந்த இன்ஜினுக்குள் போனது என்பதைக் காட்டாது. பில்லில் சேசிஸ் நம்பர், அன்றைய கிலோமீட்டர், பார்ட் நம்பர், கூலி வேலையின் விவரம் ஆகிய நான்கும் இருந்தால் அதற்கு மதிப்பு உண்டு. இணையத்தில் பாகம் வாங்கிய ரசீது மட்டும் இருந்து, பொருத்திய கூலிக்கு எந்தத் தடயமும் இல்லை என்றால், அடுத்த கேள்வி "யார் மாட்டினார்கள்?" என்பதுதான்.

நான் பில்லைவிட அதிகம் மதிப்பது பில்ட் ஷீட்டை. நல்ல இன்ஜின் பில்டர் எதையும் அளக்காமல் மூட மாட்டார். ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே எவ்வளவு இடைவெளி, ரிங் கேப் எவ்வளவு, பேரிங் கிளியரன்ஸ் எவ்வளவு, போல்ட்டை எந்த அளவு முறுக்கினார் என்று ஒரு தாளில் கையாலாவது எழுதி வைத்திருப்பார். சிலிண்டருக்குச் சிலிண்டர் சற்று மாறி, 0.08, 0.085, 0.08, 0.09 மி.மீ. என்று ஆயில் கறையோடு எண்கள் இருக்கும் அந்தத் தாளைப் பார்த்தால் எனக்குப் பாதி நிம்மதி வந்துவிடும். கூடவே இன்ஜின் பிரிந்து கிடக்கும் போட்டோக்கள் இருந்தால், அதில் பிளாக்கின் நம்பர் தெரிகிற படம் ஒன்றைக் கேளுங்கள். பளபளக்கும் பிஸ்டன் படம் யாருடைய இன்ஜினிலிருந்தும் வந்திருக்கலாம்.

இன்ஜினைப் பிரிக்காமல் பிஸ்டன் ஃபோர்ஜ்டா என்று தெரிந்துகொள்ள முடியுமா?

ஓரளவு முடியும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக போர்ஸ்கோப் கேமராவை இறக்கினால் பிஸ்டனின் தலை தெரியும். தனியாக வாங்கிப் போடும் ஃபோர்ஜ்டு பிஸ்டன்களின் தலையை மெஷினில் கடைந்திருப்பார்கள். வட்டமான மெல்லிய கடைசல் கோடுகளும், வால்வுக்காக வெட்டிய குழிகளின் கூர்மையான விளிம்பும் தெரியும். வார்ப்பில் வந்த கம்பெனி பிஸ்டனில் குழிகளின் ஓரம் மழுங்கலாக, பரப்பு சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். போவதற்கு முன் இரண்டு வகைக்கும் அந்த இன்ஜினின் படங்களைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சில கார்களில் கம்பெனியே ஃபோர்ஜ்டு பிஸ்டன் போட்டிருக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

கரி படிந்திருந்தால் கோடு தெரியாது. ஆனால் அந்தக் கரியே ஒரு சாட்சி. "இன்ஜின் கட்டி 2,000 கிலோமீட்டர்தான் ஓடியது" என்று சொல்லும் காரில் பிஸ்டன் தலை முழுக்கத் தடிமனான கரி இருந்தால், அந்த எண்ணோடு கண்ணில் படுவது ஒத்துப்போகவில்லை.

அடுத்தது சத்தம். ஃபோர்ஜ்டு பிஸ்டனில் இரண்டு அலாய்கள் (உலோகக் கலவைகள்) புழக்கத்தில் உள்ளன. 2618 என்பதில் சிலிக்கான் மிகக் குறைவு. சூட்டில் அதிகம் விரியும். அதனால் குளிர்ந்த நிலையில் அதிக இடைவெளி விட்டுப் பொருத்துவார்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் டக்டக் என்று ஒரு மந்தமான சத்தம் வரும், சூடாகச் சூடாகக் குறைந்து மறைந்துவிடும். 4032 அலாயில் சுமார் 12 சதவீதம் சிலிக்கான். அது அவ்வளவு விரியாது, சத்தமும் அவ்வளவாக இருக்காது. எனவே சத்தம் இல்லை என்பதால் ஃபோர்ஜ்டு இல்லை என்று முடிவு கட்ட முடியாது. ஆனால் "2618 பிஸ்டன், பெரிய கிளியரன்ஸ்" என்று பில்ட் ஷீட் சொல்லும்போது, குளிர்ந்த ஸ்டார்ட்டில் இன்ஜின் புத்தம்புது கார் மாதிரி அமைதியாக இருந்தால் யோசிக்க வேண்டும்.

சூடான பிறகு அதிகமாகிற, ஆக்ஸிலரேட்டரை லேசாக விட்டுப் பிடிக்கும்போது கேட்கிற கனமான தட்டல் வேறு. அது, பிஸ்டனைக் கிராங்க்ஷாஃப்ட்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட்டின் பேரிங் போய்விட்டதன் அறிகுறியாக இருக்கலாம். "ஃபோர்ஜ்டு என்றால் அப்படித்தான் சத்தம் வரும்" என்று யாராவது சமாதானம் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

கனெக்டிங் ராட் மாற்றியதை எப்படிப் பார்ப்பது?

பிளக் துளை வழியாகத் தெரியாது. இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றினால் தெரியும். விலை பெரிதாக இருந்து, விற்பவர் சம்மதித்தால், கூலியை நீங்களே கொடுத்துச் சம்ப்பைக் கழற்றிப் பாருங்கள். ஆயிலில் உலோகத் துகள் இருக்கிறதா என்பதும் அதே நேரத்தில் தெரிந்துவிடும். அது முடியாது என்றால், பில்டரின் வார்த்தையும் போட்டோவும்தான் மிச்சம். அவற்றை நம்புவதா என்பது மற்ற சோதனைகள் எப்படி வந்தன என்பதைப் பொறுத்தது.

"2 லிட்டரை 2.3 லிட்டர் ஆக்கியிருக்கிறோம்" என்கிறார். இதைச் சோதிக்க வழி உண்டா?

உண்டு. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது, செலவே இல்லை. மிட்சுபிஷியின் 4ஜி63 இன்ஜினை எடுத்துக்கொள்வோம். அதன் போர் (சிலிண்டரின் விட்டம்) 85 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 88 மி.மீ.; கணக்குப் போட்டால் 1,997 சி.சி. அதை 2.3 லிட்டர் ஆக்க, 100 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள கிராங்க்ஷாஃப்ட்டைப் போடுவார்கள். அப்போது சுமார் 2,270 சி.சி. வரும்.

அதாவது பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரத்தில் 12 மி.மீ. வித்தியாசம். எல்லா பிளக்குகளையும் கழற்றுங்கள். நீளமான பிளாஸ்டிக் குச்சி ஒன்றை முதல் சிலிண்டரில் பிஸ்டன் மேல் நிற்கும்படி இறக்குங்கள். கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் மட்டும் மெதுவாகச் சுற்றுங்கள். குச்சி எங்காவது சிக்குவதுபோல் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். குச்சி மிக உயர்ந்த இடத்தில் ஒரு கோடு, மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவே அளந்தால் 88ஐ ஒட்டி வருகிறதா, 100ஐ ஒட்டி வருகிறதா என்று ஸ்கேலே சொல்லிவிடும். பிளக் துளை நேராக நடுவில் இருக்கும் இன்ஜின்களில்தான் இது சரியாக வரும். சாய்ந்திருந்தால் அளவு மாறும்.

கேம்ஷாஃப்ட்டும் ஹெட் ஸ்டட்டும்?

வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டையும், சிலிண்டர் ஹெட்டை இறுக்கிப் பிடிக்கும் ஹெட் ஸ்டட்டையும் பார்க்க வால்வு கவரைத் திறந்தால் போதும், பல இன்ஜின்களில் அது அரை மணி நேர வேலை. கேம்ஷாஃப்ட்டின் ஓரத்தில் பெரும்பாலும் பார்ட் நம்பர் பொறித்திருக்கும். நம்பர் இல்லை என்றால் வெர்னியர் காலிப்பரால் லோபின் (வால்வைத் தள்ளும் மேட்டின்) உயரத்தையும் அடிவட்டத்தின் விட்டத்தையும் அளந்து கழியுங்கள். கிடைப்பது லோப் லிஃப்ட். கம்பெனி அளவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஹெட் ஸ்டட் போட்டிருந்தால், போல்ட் தலைக்குப் பதிலாக நட்டும் அதற்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட்டின் முனையும் தெரியும். சில இன்ஜின்களில் இவை கேம்ஷாஃப்ட்டுக்கு அடியில் மறைந்திருக்கும்.

டர்போவின் அளவை அளந்தால் விளம்பரத்தில் சொன்னதைவிடச் சிறிதாக இருக்கிறதே?

அவசரப்பட்டுச் சண்டைக்குப் போகாதீர்கள். காரெட் ஜிடி3076ஆர் என்ற டர்போவின் பெயரில் உள்ள 76 என்பது கம்ப்ரஸர் வீலின் வெளிவிட்டம், மி.மீ. கணக்கில். இன்டேக் குழாயைக் கழற்றினால் நமக்குத் தெரிவது காற்று உள்ளே போகும் பக்கத்து விட்டம். இந்த டர்போவில் அது சுமார் 57 மி.மீ. எனவே தயாரிப்பாளர் கொடுக்கும் இரண்டு அளவுகளையும் முன்கூட்டியே குறித்துக்கொண்டு போங்கள். உடலில் உள்ள தகட்டின் நம்பரையும் போட்டோ எடுங்கள். பெயர் பெற்ற பிராண்டுகளின் டர்போ, வேஸ்ட்கேட், புளோ-ஆஃப் வால்வு எல்லாவற்றுக்கும் போலிகள் சந்தையில் இருக்கின்றன. தகட்டு எண்ணைத் தயாரிப்பாளரிடமோ அவர்களின் அதிகாரப்பூர்வ விற்பனையாளரிடமோ கேட்டுவிடுவதே நிச்சயமான வழி.

கையோடு ஷாஃப்ட்டையும் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் துளி ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் அசைந்தால், வீலின் நுனி சுவரில் உரசிய அடையாளம் இருந்தால், அந்த டர்போவுக்கு ஆயுள் முடிந்தது.

எச்.பி. கணக்கைக் காகிதத்திலேயே சோதிக்க முடியுமா?

முடியும். பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் அதற்கு நல்ல இடம். டர்போ பெட்ரோல் இன்ஜினுக்கு, கிராங்கில் ஒரு எச்.பி. கிடைக்க நிமிடத்துக்குச் சுமார் 6.3 சி.சி. பெட்ரோல் வேண்டும் என்பது ட்யூனர்கள் பழக்கத்தில் வைத்திருக்கும் கணக்கு. இன்ஜெக்டரை அதன் திறனில் 85 சதவீதத்துக்கு மேல் ஓடவிடுவது நல்லதல்ல.

400 எச்.பி. என்று சொல்லும் நாலு சிலிண்டர் கார் ஒன்றில் நிமிடத்துக்கு 440 சி.சி. தரும் இன்ஜெக்டர்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நாலும் சேர்த்து 1,760 சி.சி. அதில் 85 சதவீதம் 1,496. அதை 6.3ஆல் வகுத்தால் சுமார் 237 எச்.பி. 400க்கு ஒவ்வொரு இன்ஜெக்டரும் ஏறத்தாழ 740 சி.சி. இருக்க வேண்டும். எரிபொருள் அழுத்தத்தை 3 பாரிலிருந்து 4 பாராகக் கூட்டினாலும் ஓட்டம் 15 சதவீதம்தான் கூடும். அந்தக் கார் இ85 எத்தனாலில் ஓடுகிறது என்றால் நிலைமை இன்னும் மோசம். அதற்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் எரிபொருள் தேவை. இன்ஜெக்டர் மேலேயே நம்பர் இருக்கும், டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் போதும். நேரடி இன்ஜெக்ஷன் உள்ள இன்ஜின்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது.

இதே மாதிரி, இன்டேக்கின் அழுத்தத்தை அளக்கும் எம்.ஏ.பி. (மேப்) சென்ஸரையும் பாருங்கள்; இ.சி.யு.வில் உள்ள மேப் வேறு, இது வேறு. 3 பார் சென்ஸர் அளப்பது மொத்த அழுத்தத்தை; அதில் 1 பார் வெளிக்காற்று. மிச்சம் 2 பார், அதாவது 29 பி.எஸ்.ஐ. பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் அழுத்தம்) வரைதான் அதற்குக் கண் தெரியும். "35 பி.எஸ்.ஐ. பூஸ்ட்" என்று சொல்லும் காரில் 3 பார் சென்ஸர் இருந்தால், ஒன்று அந்த எண் தவறு, இல்லை இ.சி.யு. குருட்டுத்தனமாக ஓட்டுகிறது.

டைனோ ஷீட் (காரின் சக்தியை அளக்கும் இயந்திரம் தரும் தாள்) காட்டுகிறார். எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் தேதி, காரின் அடையாளம், அன்று போட்டிருந்த எரிபொருள். பிறகு அந்த எண் சக்கரத்தில் அளந்ததா, கிராங்குக்கு மாற்றிச் சொன்னதா என்பது. கியர்பாக்ஸிலும் டிரான்ஸ்மிஷனிலும் 15 முதல் 20 சதவீதம் போய்விடுகிறது என்று வைத்துக்கொள்வது வழக்கம். சக்கரத்தில் 400 என்பதும் கிராங்கில் 400 என்பதும் ஒன்றல்ல.

அடுத்தது, வானிலைக்கு ஏற்ப எண்ணைச் சரிசெய்யும் திருத்தக் கணக்கு. ஷீட்டின் ஓரத்தில் "எஸ்.ஏ.இ." அல்லது "எஸ்.டி.டி." என்று சின்ன எழுத்தில் இருக்கும். அதே ஓட்டத்துக்கு எஸ்.டி.டி. கணக்கு சுமார் 4 சதவீதம் கூடுதலாகக் காட்டும். டைனோ இயந்திரத்துக்கு இயந்திரமும் வித்தியாசம் உண்டு. அதனால் ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்காமல், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அதே டைனோவில் எடுத்த இரண்டு ஷீட் இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த வித்தியாசம்தான் நம்பத்தக்கது.

எச்.பி.யும் பவுண்டு-அடி டார்க்கும் (முறுக்கு விசையும்) ஒரே அளவுகோலில் வரைந்த படமாக இருந்தால் இரண்டு கோடுகளும் 5,252 ஆர்.பி.எம்.மில் வெட்டிக்கொள்ள வேண்டும். அது சூத்திரத்திலிருந்து வருவது, இன்ஜினுக்கு இன்ஜின் மாறாது. வேறு இடத்தில் வெட்டினால் படத்தில் யாரோ கை வைத்திருக்கிறார்கள், அல்லது அளவுகோல் வேறு. நியூட்டன் மீட்டரில் இருந்தால் டார்க்கை ஆர்.பி.எம்.மால் பெருக்கி 9,549ஆல் வகுங்கள், கிலோவாட் கிடைக்கும். 6,500 ஆர்.பி.எம்.மில் 450 நியூட்டன் மீட்டர் என்றால் 306 கிலோவாட், அதாவது சுமார் 410 எச்.பி. அதே இடத்தில் 500 எச்.பி. என்று ஷீட்டின் தலைப்பில் எழுதியிருந்தால் அதை நம்ப முடியாது.

டைனோவே இல்லை. ஆனால் டிராக் ஸ்ட்ரிப்பில் (நேர்கோட்டுப் பந்தயத் தடத்தில்) ஓட்டிய சீட்டு இருக்கிறது என்றால்?

டைனோவைவிட எனக்கு அது பிடிக்கும். கால் மைல், அதாவது 402 மீட்டர் முடிவில் காரின் வேகம் என்ன என்று பாருங்கள். எத்தனை விநாடி என்பது டயரையும் ஓட்டுபவரையும் பொறுத்தது. முடிவு வேகம் பெரும்பாலும் சக்தியைப் பொறுத்தது. ஆளோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 177 கிலோமீட்டர் வேகத்தில் கோட்டைத் தாண்டியது என்றால் அது ஏறத்தாழ 340 எச்.பி. கார். 500 எச்.பி. இருந்தால் அது 200ஐ ஒட்டித் தாண்டியிருக்க வேண்டும். கியர் தவறியது, டயர் சுழன்றது என்பதெல்லாம் சில கிலோமீட்டர்களுக்கு விளக்கம் சொல்லும், இருபதுக்குச் சொல்லாது.

ரீமேப் செய்யப்பட்டிருக்கிறதா என்று ஸ்கேனரில் தெரியுமா?

பெரும்பாலும் தடயம் கிடைக்கும். காரின் சோதனை இணைப்பில் மாட்டும் ஓ.பி.டி. ஸ்கேனரில், இ.சி.யு. மென்பொருளை அடையாளம் காட்டும் கேலிப்ரேஷன் ஐ.டி., சி.வி.என். என்று இரண்டு எண்கள் வரும். மென்பொருளின் உள்ளே ஏதாவது மாறினால் சி.வி.என். மாறிவிடும். அதே மாடல், அதே கேலிப்ரேஷன் ஐ.டி. உள்ள மாற்றப்படாத காரின் எண்ணோடு ஒப்பிடுங்கள். சில ட்யூனர்கள் இதையும் மறைப்பதுண்டு. ஃபோக்ஸ்வேகன் குழுமக் கார்களாக இருந்தால் டீலரின் கணினியில் டிடி1 என்ற குறி இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். மென்பொருளில் கை வைத்தது தெரிந்தால் அந்தக் குறி விழும். வெளியே மாட்டும் பிக்கிபேக் பெட்டியாக இருந்து, அதைக் கழற்றிவிட்டால், கணினியில் தடம் இருக்காது.

இன்னொரு முக்கியமான இடம், காரின் சுயசோதனைகள் முடிந்தனவா என்று காட்டும் ரெடினெஸ் மானிட்டர்கள். எல்லாமே "முடியவில்லை" என்று காட்டினால், ஃபால்ட் கோடுகளை யாரோ சமீபத்தில் அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரி கழற்றப்பட்டிருக்கிறது. கோடுகளை அழித்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்ற எண்ணும் பல கார்களில் கிடைக்கும். 6 கிலோமீட்டர் என்று வந்தால், நீங்கள் வருவதற்குச் சற்று முன்பு என்ன நடந்தது என்று தயங்காமல் கேளுங்கள்.

"எல்லாம் கழற்றிவிட்டேன், இப்போது முழுக்க ஸ்டாக்" என்பவரை நம்பலாமா?

ஸ்டாக் என்றால் கம்பெனியிலிருந்து வந்த நிலை. பாகம் போயிருக்கும், அடையாளம் இருக்கும். சிலிகான் ஹோஸ் மாட்டியிருந்த இடத்தில் பழைய கிளாம்ப்பின் தடம், வெற்றிட ஹோஸில் பூஸ்ட் கேஜுக்காகச் சொருகிய டி இணைப்பு, ஒயரிங்கில் கறுப்பு டேப் சுற்றிய ஒட்டு, எக்ஸாஸ்டில் சென்ஸர் வைக்க வெல்டு செய்து மூடிய துளை, ஏ பில்லரில் (முன்கண்ணாடி ஓரத் தூணில்) கேஜ் மாட்டிய ஸ்க்ரூ ஓட்டை. இருபது வயதுக் காரில் டவுன்பைப் போல்ட்டுகள் மட்டும் புதிதாக மின்னினால் அவை ஏன் மாறின என்று கேளுங்கள். ஸ்டாக் இன்ஜின் நீண்ட நாள் அதிக பூஸ்ட்டில் ஓடியிருந்தால், பாகங்களைக் கழற்றியதால் அந்தத் தேய்மானம் சரியாகிவிடாது.

கம்ப்ரஷன் டெஸ்ட் கட்டாயமா?

கட்டாயம். சிலிண்டருக்குள் காற்றை அடைத்து எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் லீக்டவுன் டெஸ்ட்டும் சேர்த்தே. சிலிண்டர் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று அளப்பதுதான் கம்ப்ரஷன் டெஸ்ட்; இன்ஜின் சூடாக, எல்லா பிளக்கும் கழற்றி, த்ராட்டில் முழுதாகத் திறந்து, எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்து எடுக்க வேண்டும். எண் பெரிதா சிறிதா என்பதைவிட, சிலிண்டர்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமா என்பதே முதல் கேள்வி. 165, 162, 168 பி.எஸ்.ஐ. என்று வந்து நாலாவது 120 என்றால் அங்கே நிறுத்திவிடுங்கள்.

சராசரி எண்ணும் ஒரு கதை சொல்லும். பெரிய கேம் போட்டால் கிராங்கிங் கம்ப்ரஷன் இறங்கும். குறைந்த கம்ப்ரஷன் பிஸ்டன் போட்டாலும் இறங்கும். டொயோட்டாவின் 2ஜேஇசட் இன்ஜினில் டர்போ இல்லாத ஜிஇ வகைக்கு ரேஷியோ 10:1, டர்போவோடு வந்த ஜிடிஇ வகைக்கு 8.5:1. "ஜிடிஇ பிஸ்டன் போட்டுத்தான் டர்போ வைத்தோம்" என்று சொன்ன காரில், நல்ல நிலையில் உள்ள ஜிஇ இன்ஜினுக்கு வரும் எண் அப்படியே வந்தால், பிஸ்டன் மாறவில்லை என்று நினைக்கக் காரணம் இருக்கிறது.

லீக்டவுனில் 10 சதவீதத்துக்குள் வந்தால் நல்லது, 20ஐத் தாண்டினால் கவலை. காற்று எங்கே கசிகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். ஆயில் மூடியில் சீறினால் ரிங் அல்லது பிஸ்டன். எக்ஸாஸ்டில் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு. இன்டேக்கில் என்றால் இன்டேக் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்.

கழற்றிய பிளக்குகளில் ஏதாவது பார்க்க வேண்டுமா?

நல்ல வெளிச்சத்தில், முடிந்தால் லென்ஸ் வைத்துப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகளோ, மினுக்கும் அலுமினியப் பொட்டுகளோ இருந்தால் அந்த இன்ஜின் நாக் செய்திருக்கிறது, அதாவது உள்ளே எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடித்திருக்கிறது. மினுக்குவது பிஸ்டனிலிருந்து உருகி வந்த உலோகம். நல்ல ட்யூனர் கையில் இப்படி நடக்காது. பிளக்கின் ஹீட் ரேஞ்சையும் (அது சூட்டை எவ்வளவு வெளியேற்றும் என்ற எண்ணையும்) பாருங்கள். சக்தி கூட்டிய இன்ஜினுக்குக் குளிர்ந்த பிளக் போடுவது வழக்கம். என்.ஜி.கே.யில் எண் கூடினால் குளிர்ச்சி, பாஷில் எண் கூடினால் சூடு. ஸ்டாக் பிளக்கோடு 500 எச்.பி. என்றால் ட்யூன் செய்தவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

டெஸ்ட் டிரைவில் என்ன கவனிக்க?

போனவுடன் இன்ஜின்மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் நீங்கள் கேட்டதைச் செய்யவில்லை. குளிர்ந்த ஸ்டார்ட்டில் சத்தம், புகை, ஆயில் பிரஷர். சூடான பிறகு, பாதுகாப்பான இடத்தில், உயர்ந்த கியரில் குறைந்த வேகத்திலிருந்து முழு ஆக்ஸிலரேட்டர் கொடுங்கள், ஆர்.பி.எம். ஏறி கார் வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. அந்த டார்க்கைத் தாங்கும் கிளட்ச் அதில் இல்லை, அல்லது தேய்ந்துவிட்டது.

கூடவே லாகிங் செய்யுங்கள், அதாவது ஓடும்போதே எண்களைப் பதிவு செய்யுங்கள்: பூஸ்ட், ஏர்-ஃப்யூல் (காற்று-எரிபொருள் விகிதம்), இக்னிஷன், நாக் ரிடார்ட் (நாக் வந்தால் இ.சி.யு. இக்னிஷனைத் தள்ளிப்போடும் அளவு), காற்றின் அளவு. டர்போ பெட்ரோல் இன்ஜினின் ஏர்-ஃப்யூல் முழு லோடில் பொதுவாக 11-க்கும் 12-க்கும் நடுவே இருக்கும். 13-ஐத் தாண்டி மெலிந்துபோனால் காலை எடுத்துவிடுங்கள். மாஸ் ஏர்ஃப்ளோ சென்ஸர் உள்ள காரில் விநாடிக்கு இத்தனை கிராம் காற்று என்று வரும், அதை 0.8ஆல் வகுத்தால் எச்.பி. எவ்வளவு என்று தோராயமாகத் தெரியும். 240 கிராம் என்றால் சுமார் 300. பெரிய இன்டேக் போட்டு அதற்கேற்ப அளவீட்டை மாற்றாமல் விட்டிருந்தால் இந்த எண் தவறாக வரும், அதையும் நினைவில் வையுங்கள்.

யாரிடம் காட்டுவது?

இன்ஜினைக் கட்டியவரிடம் பேசுங்கள், ஆனால் சோதனைக்கு வேறு ஒருவரிடம் கொண்டுபோங்கள். அந்த மாடலில் கை பழகியவராக இருக்க வேண்டும். பொதுவான மெக்கானிக் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும், எந்த போல்ட் கம்பெனியில் வந்தது, எது பின்னால் வந்தது என்று அவருக்குச் சட்டென்று தெரியாது. கட்டியவரிடம் பேசும்போது காரின் விவரத்தை நீங்கள் சொல்லாதீர்கள், சேசிஸ் நம்பரை மட்டும் கொடுத்து "இதில் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள்.

விற்பவர் சோதனைக்கே சம்மதிக்கவில்லை என்றால்?

சம்ப்பைக் கழற்ற மறுப்பது நியாயம். வால்வு கவருக்குத் தயங்கினாலும் புரிகிறது. கம்ப்ரஷன் டெஸ்ட்டுக்கும் ஸ்கேனருக்கும் மறுத்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

நிரூபிக்க முடியாத வேலைகளுக்கு விலையில் என்ன கொடுப்பது?

ஒன்றும் இல்லை. அதற்கும் மேலே ஒரு படி: கழிக்க வேண்டும். பிஸ்டன் மாறியிருக்கிறதா என்று தெரியாத இன்ஜினில் பூஸ்ட் மட்டும் ஏறியிருப்பது நிச்சயம் என்றால், அது ஸ்டாக் காரைவிட அபாயமானது. நிரூபணமான பாகங்களுக்குக்கூட வாங்கிய விலை கிடைக்காது, ஏனென்றால் கூலியும் ட்யூனிங்கும் கழற்றி எடுத்துப்போக முடியாதவை. இதைச் சொல்லும்போது மரியாதையாகச் சொல்லுங்கள்; எதிரில் இருப்பவர் அந்தக் காரின்மேல் வருடக்கணக்கில் உழைத்திருக்கலாம்.

பதிவு, இன்சூரன்ஸ் விஷயம்?

இன்ஜின் நம்பர் ஆவணத்தோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். கேட்டலிடிக் கன்வெர்ட்டரை எடுத்திருந்தால் பல நாடுகளில் அது சட்டவிரோதம். இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் மாற்றங்களை மறைத்தால், விபத்தின்போது இழப்பீடு மறுக்கப்படலாம்.

எல்லாம் சரியாக வந்தது. பணம் கொடுக்கும் நாளில் எதைக் கையில் வாங்க வேண்டும்?

பாஸ்வேர்டு. தனி இ.சி.யு. போட்ட கார்களில் மேப்பை ட்யூனர் பூட்டி வைத்திருப்பார். திறவுகோல் இல்லாமல் நாளை ஒரு சென்ஸர் மாற்றினாலும் முழு ட்யூனையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். மேப் ஃபைலின் நகல், கம்பெனியின் அசல் ஃபைல், ட்யூனர் எந்த எரிபொருளுக்காக அதை எழுதினார் என்ற குறிப்பு, எல்லாம் வேண்டும். காப் ஆக்ஸஸ்போர்ட் போன்ற கருவிகள் ஒரு காரோடு மட்டும் பூட்டிக்கொள்ளும் வகை; கருவி இல்லாமல் கார் மட்டும் வந்தால் சிக்கல். பில்ட் ஷீட், பில்கள், கழற்றி வைத்த அசல் பாகங்கள் எல்லாவற்றையும் அன்றே வண்டியில் ஏற்றிவிடுங்கள். "அடுத்த வாரம் தருகிறேன்" என்று விட்ட பாகங்கள் எத்தனை பேருக்கு வந்து சேரவில்லை என்று எனக்குத் தெரியும்.

அப்புறம், வீட்டுக்கு வந்ததும் ஆயிலை மாற்றி, பழைய ஆயிலில் ஒரு சாம்பிளைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புங்கள். இரும்பு, அலுமினியம், ஈயம், செம்பு எவ்வளவு என்று ரிப்போர்ட் வரும். அடுத்த ஆயில் மாற்றத்தின்போது இன்னொன்று அனுப்பி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பேரிங் தேயத் தொடங்கியிருந்தால், சத்தம் வருவதற்கு முன்பே அந்த எண்களில் தெரிந்துவிடும்.